முதுமைக்கான முதல்

நாளைக்கெனச் சேர்ப்பது தவக்குலுக்கு மாறாகுமா? ஆகாது என்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததுண்டு. ஆனால், வட்டிக்கு அஞ்சிப் பெட்டியில் பூட்டிய பணம் என்னாகிறது? ஓர் இலட்ச ரூபாயிலிருந்து ஆண்டுதோறும் நாற்பதில் ஒரு பங்கு ஸகாத் ஈந்துவரின், பத்தாண்டில் எஞ்சுவது ஏறத்தாழ 77,600. விலைவாசி தின்பது வேறு! ஆகவே பணம் தொழிலில் இறங்கியாக வேண்டும். இலாபத்தில் பங்கும் நட்டத்தின் சுமையும் முதலிட்டவரைச் சேரும் முளாரபா அதற்கொரு வழி. எனினும் யாரை நம்பி இறங்குவது? ஹலால் இலாபம் என்று பெற்றுக்கொண்டு, கணக்கேட்டைக் கண்ணில் காட்டாத வணிகர், பிறருக்கு வட்டியின் தீமையை எடுத்துரைப்பது எங்ஙனம்? இவ்வாறு முதலைத் தொலைத்த முதியவர் ஒருவர் இதனை நம்மிடம் கேட்டார். மறுமொழி சொல்ல நமக்கு நா எழவில்லை.