விலகி நிற்றலின் அறம்

அறம் என்னும் சொல்லைக் கேட்டதும் கொடுத்தல், காத்தல், உதவுதல் ஆகிய செயல்களே பெரும்பாலும் மனத்தில் எழுகின்றன. முல்லைக்குத் தேரீந்த பாரியும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் தமிழர் நினைவில் நிலைபெற்றமைக்குக் காரணம் அவர்கள் ஒன்றைச் செய்தமையே. ஆயின் பிறிதோர் உயிருக்கு மனிதன் ஆற்றக்கூடிய பெருநன்மை, சில வேளைகளில், அதன் அருகே செல்லாதிருத்தலாகவே அமைந்துவிடுகின்றது. செய்யாமையும் அறமாகுமா? ஆகுமெனின் அது மனிதனிடமிருந்து எதனைக் கோருகின்றது? பாறையேற்றம் என்னும் விளையாட்டு இவ்வினாவுக்கு ஓர் உரைகல்லாக அமைகின்றது.

இங்கிலாந்தின் யோக்சயர் பகுதியில் மாலம் கோவ் எனப்படும் சுண்ணாம்புக்கற் பாறைச்சுவர் ஒன்று உண்டு. வளைந்து, ஏறத்தாழ 80 மீற்றர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் இச்சுவரில் உலகின் மிகக் கடினமான ஏறுதடங்களுட் சில உள்ளன. ஸ்டீவ் மக்ளூர் என்பார் 2003 இல் 'றெயின்சடோ' என்னும் தடத்தையும் 2011 இல் அதனினுங் கடினமான 'ஓவர்சடோ' என்னும் தடத்தையும் இங்கு முதன்முதலாக ஏறி முடித்தார். இதே சுவரில் 1990 களிலிருந்து பொரி வல்லூறுகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வருகின்றன. பிரித்தானியப் பாறைகள் பலவற்றில், பறவைகள் குடும்பம் நடத்தும் மார்ச் தொடக்கம் யூன் வரையான காலத்தில், அவை தங்கும் பகுதி ஏறுவோருக்கு மூடப்படுகின்றது. மாலம் கோவிலும் அத்தகைய வரையறை உண்டு. மனிதன் தன் ஆற்றலின் எல்லையைத் தேடும் இடமும் பறவை தன் குஞ்சுக்குப் பாதுகாப்புத் தேடும் இடமும் ஒன்றாகிவிட்டன.

பறவையின் நிலையை முதலில் நோக்கலாம். இப்பறவை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பிலுள்ள மண்ணைச் சற்றுக் கிளறி, அப்பள்ளத்திலேயே மூன்று அல்லது நான்கு முட்டைகளை இடும். அடைகாத்தல் ஏறத்தாழ ஒரு மாதம். குஞ்சுகள் பறக்கப் பின்னும் ஆறு வாரமளவில் ஆகும். இக்காலத்தில் மனிதன் அவ்விடத்தை அண்மினால், சிறப்பாக அதற்கு மேலே தோன்றினால், தாய் எழுந்து பறந்துவிடும். முட்டைகள் குளிர்ந்து கெடும்; வளர்ந்த குஞ்சாயின், இறகு முற்றாமுன்னரே அஞ்சிப் பாய்ந்து மடியவுங்கூடும். சிகிரியாக் குன்றில் வாழும் சாகீன் வல்லூறு இவ்வினத்தின் கிளையே என்பதால் இப்பறவை இலங்கையர்க்கும் அந்நியமானதன்று.

இவ்வினம் மனிதனால் ஒருமுறை அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் வயல்களில் தெளிக்கப்பட்ட டி.டி.ரி. நஞ்சு, இரையின் வழியாக வல்லூறின் உடலிற் சேர்ந்தது. முட்டையோடுகள் மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே உடைந்தன. பிரித்தானிய அறிஞர் டெரெக் ரற்கிளிவ் 1967 இல் இதனை வெளிப்படுத்தினார். நஞ்சு படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னரே இனம் மீண்டது. 1981 ஆம் ஆண்டின் சட்டம் கூட்டிலிருக்கும் வல்லூறைத் தெரிந்தே குழப்புவதைக் குற்றமாக்கியது. பொறுப்பற்ற அசட்டையாற் குழப்புவதும் 2000 ஆம் ஆண்டிற் குற்றமாயிற்று.

ஏறுவோன் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. மாலம் கோவ் தெற்கு நோக்கிய சுவர். கோடை வெயிலில் பாறை சூடேற, வியர்த்த விரல்கள் வழுக்கும். இளவேனிலின் குளிர்ந்த நாட்களே அவனுக்கு வேண்டியவை. அந்நாட்களே பறவைக்கும் உரியவை. ஒரே தடத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைப்போர் உளர். விரலின் வலிமை உச்சத்தில் நிற்கும் காலமோ சில ஆண்டுகளே. "அடுத்த பருவத்தில் ஏறலாமே" என்று வெளியே நிற்பவர் எளிதாகக் கூறிவிடலாம். அடுத்த பருவத்தில் அதே உடல் இருக்குமென்பதற்கு உறுதி இல்லை. எனவே கோரப்படும் தியாகம் போலியானதன்று. இழப்பில்லாத இடத்தில் அறம் பற்றிய வினாவே எழாது.

ஆயின் இருவர் இழப்பும் ஒரு தன்மையனவல்ல. ஏறுவோன் இழப்பது ஒரு வாய்ப்பு. வல்லூறு இழப்பது அவ்வாண்டின் சந்ததி முழுவதையும். அவனுக்கு வேறு தடங்களும் வேறு பாறைகளும் உண்டு. முட்டையிட்ட பறவைக்கு வேறிடம் இல்லை. தனக்குத் தடை ஏன் என்பதை அவன் அறிவான்; தன் முன் தோன்றியவன் தீங்கு செய்ய வரவில்லை என்பதை அறிய அதற்கு வழியில்லை.

"வல்லூறு தானும் கொல்லும் பறவைதானே? புறாவைக் கிழிப்பதற்கு ஏன் இரங்கவேண்டும்?" என்பாரும் உளர். சிபியின் கதை இதற்கு விடையாகும். புறாவுக்காகத் தன் தசையை அரிந்தமையே அக்கதையிற் பெரிதும் போற்றப்படுகின்றது. ஆயின் துரத்தி வந்த பருந்தைச் சிபி விரட்டிவிடவில்லை. பசிக்கு இரை கேட்கும் உரிமை அதற்கும் உண்டென ஏற்றமையாலன்றோ தராசு வேண்டியதாயிற்று? விலங்குக்கு ஒழுக்கச் சான்றிதழ் கேட்டுப் பின் இரங்குவது இரக்கமாகாது. பகுத்தறிவு உண்டா என்பதன்று, துன்புறுமா என்பதே வினா என 1789 இல் பெந்தம் எழுதியதும் இக்கருத்தையே வலியுறுத்தும்.

இனி, இத்தடை விளையாட்டுக்குப் புறம்பானதொன்று என்னும் எண்ணத்தை ஆராயவேண்டும். மாலம் கோவின் உச்சிக்குப் பக்கத்தே படிக்கட்டு உண்டு. உச்சியை அடைவதே நோக்கமாயின் முதியவரும் அதன் வழியே செல்லலாம். பாறையிலும் ஆணிகள் அறையப்பட்டுள்ளன. அவற்றைப் பற்றி இழுத்தால் ஏற்றம் எளிதாகும். ஏறுவோன் இரண்டையும் மறுக்கின்றான். ஆணியும் கயிறும் விழும்போது காப்பதற்கே. அவற்றிற் பாரத்தைச் சாய்த்தால் அம்முயற்சி கணக்கில் வாராது. 1970 களின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் பிராங்கன்யூரா பாறைகளில், ஆணியைப் பற்றாது ஏறி முடித்த தடத்தின் அடியில் கேர்ட் அல்பேர்ட் என்பார் செந்நிற அடையாளமிட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் 'செம்புள்ளி' முறை அதிலிருந்து தோன்றியது. எந்த அரசும் இவ்விதியை இயற்றவில்லை. தன்னால் இயன்றதைத் தானே விலக்கிக்கொண்டமையாலேயே அவ்வேற்றம் சாதனையாயிற்று.

விலகி நிற்றல் அவ்விளையாட்டின் உயிராகவே இருக்க, வல்லூறுக்காக விலகுதல் மட்டும் எவ்வாறு அந்நியமாகும்? வேறுபாடு ஒன்று உண்டு. ஆணியைப் பற்றாமை அவன் பெருமையைக் கூட்டும். வல்லூறுக்காகக் காத்திருத்தல் எப்பெருமையையும் தராது. ஏறாது விடப்பட்ட நாட்களை எந்தப் பதிவேடும் குறிப்பதில்லை. முன்னையது தனக்காக ஏற்ற கட்டுப்பாடு. பின்னையது பிறிதோர் உயிருக்காக ஏற்பது. தனக்காகத் தன்னை அடக்கத் தெரிந்தவன் பிறர்க்காக அடங்க மறுத்தால், அவன் கட்டுப்பாடு வெறும் திறமை மட்டுமே, ஒழுக்கமாக வளரவில்லை.

அறியாது விதித்த தடைக்கு இவ்வாதம் பொருந்தாது என்பதையும் கூறவேண்டும். பறவை இல்லாத பாறையை ஆண்டு முழுவதும் மூடுவது இரக்கமன்று, சோம்பல். பறவைகள் தங்கும் இடம் மாறினால் எல்லையும் மாறவேண்டும். அவை அவ்வாண்டு முட்டையிடாவிடின் தடை நீங்கவேண்டும். பிரித்தானிய மலையேற்ற மன்றம் பறவை அறிந்தோருடன் கலந்து இம்முறையைக் கையாள்வதாலேயே ஏறுவோர் பலர் அதனைத் தம் சொந்த விதியாக ஏற்கின்றனர்.

பாறையின் ஒவ்வொரு முழத்தையும் காவல் செய்ய எவராலும் இயலாது. வைகறையில் ஒருவன் ஏறி இறங்கினால் சட்டம் அதனை அறியாமலே போகலாம். இயலும் என்பதும் தகும் என்பதும் ஒன்றல்ல என்னும் உண்மை அங்கேயே சோதிக்கப்படுகின்றது. இயற்கையின் பெரும்பகுதியை எட்டிப்பிடிக்கும் ஆற்றலை மனித இனம் இன்று பெற்றுவிட்டது. எட்டியதையெல்லாம் தொடாதிருக்கும் ஆற்றலையும் அது பெறுமாயின், யூன் கழிந்து குஞ்சுகள் பறந்த பின்னரும் அச்சுவர் அங்கேயே நிற்கும், தடமும் காத்திருக்கும்.