பூனைக்காலியும் மருத்துவத்தின் நான்கு கூறுகளும்

இறப்பர் மரத்திற் பால் வெட்டுதல் நுண்மை வாய்ந்த கைத்தொழில். பால் சுரக்கும் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் உள்ளன. அவற்றுக்கும் அப்பால் மரத்தை வளர்க்கும் மெல்லிய படை உள்ளது. கத்தி சற்று மேலோடினாற் பால் குறையும். சற்று ஆழ்ந்தால் மரம் காயமுறும். கரவனெல்லப் பகுதியிலே, களனி கங்கைப் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் விடியற்பொழுதிற் கத்தியேந்தும் தொழிலாளியின் வாழ்வு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மயிரிழையிலே நிற்கின்றது. அத்தகைய கை தன் வயமிழக்குமாயின் அவனுக்கு நாம் கடமைப்பட்டது யாது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

1817இல் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அந்நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஓய்ந்திருக்கும் கை நடுங்கும், இயங்க முனையும் கை தாமதிக்கும், தசை இறுகும், நடை குறுகும். மூளையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதே இதற்குக் காரணம். டோபமைனை நேரே கொடுப்பினும் அது குருதியிலிருந்து மூளைக்குட் புகாது. ஆனால் அதன் முன்னோடியான லெவோடோப்பா புகும். புகுந்தபின் டோபமைனாக மாறும்.

அந்த லெவோடோப்பா நம் வேலிகளிலும் புதர்களிலும் படரும் பூனைக்காலியின் விதையில் உண்டு. காயின் சுணை மேனியிற் பட்டால் தினவெடுக்கும் என்பதை அறியாத சிற்றூர்ச் சிறுவர் இலர். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் இப்பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தனர். நடுக்கத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அன்று ஆய்வுலகத்துக்குத் தெரிந்திலது. இருபது ஆண்டுகள் கழித்தே சுவீடன் அறிஞர் ஆவிட் கார்ல்சன் அத்தொடர்பைக் காட்டினார். சர்ப்பகந்தியிலிருந்து பெற்ற ரெசர்ப்பினால் அசைவற்றுக் கிடந்த விலங்குகள் லெவோடோப்பா ஏற்றியதும் எழுந்து நடமாடின. ஒரு மூலிகை நோயின் இயல்பை விளக்க, மற்றொரு மூலிகையிலுள்ள பொருள் அதற்கு மாற்றாயிற்று. 1967இல் கொட்சியாஸ் என்னும் மருத்துவர் சிறுகச் சிறுக அளவை உயர்த்திக் கொடுத்து, நோயாளர் பயன்பெறுவதை மெய்ப்பித்தார்.

இவ்வரலாற்றைக் கேட்போர் இரு திறத்தினராகப் பிரிகின்றனர். "மாத்திரை வாங்க இயலாத ஏழைக்கு இம்மூலிகையேனும் கிடைக்கட்டும்" என்பர் ஒரு சாரார். "அளவறியாத மூலிகை ஆபத்து, அதை விலக்குக" என்பர் மறு சாரார். இரு கூற்றுக்கும் சான்று உண்டு. 2004இல் இலண்டனில் எண்மரிடம் நடத்திய ஆய்வில், பூனைக்காலித் தூள் மாத்திரையினும் விரைவாகவும் நெடுநேரமும் பயன் தந்தது. 2017இல் பொலிவியாவிற் பதினெண்மரிடம் நடத்திய ஆய்வும் ஒருவேளை அளவிற் கொடுத்த வறுத்த விதைத்தூள் மாத்திரைக்குத் தாழ்ந்ததன்று எனக் கண்டது. ஆயின், அடுத்த ஆண்டு வெளிவந்த தொடராய்வில் பதினால்வர் பதினாறு வாரங்களுக்கு அதனை உட்கொள்ள முற்பட்டபோது, எழுவர் இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. சிலருக்கு வயிற்றுத் தொல்லை. சிலருக்கு இயக்கம் மேலும் தளர்ந்தது. மாத்திரையில் லெவோடோப்பா மூளையை அடையுமுன் சிதையாதவாறு காக்கும் துணைப்பொருள் உண்டு. விதையிற் செறிந்தது லெவோடோப்பா மட்டுமே. விதைக்கு விதை அதன் அளவும் வேறுபடும். மாத்திரை உண்பவர் மருத்துவருக்குச் சொல்லாது இத்தூளையும் சேர்த்துண்டால் அளவு மிகும். குமட்டல், குருதியழுத்த வீழ்ச்சி, தன்வயமற்ற அசைவுகள், மயக்கக் காட்சிகள் தோன்றலாம். எம்மருந்தும் இந்நோயை முற்றாக நீக்குவதில்லை என்பதும் மறக்கற்பாலதன்று.

எனினும் இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பது எம் துணிபு. இருவரும் மருந்தை மட்டுமே மருத்துவம் எனக் கொள்கின்றனர். வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைசெய்வோன் என நான்காக வகுத்தார். பூனைக்காலியாயினும் மாத்திரையாயினும் அது நாலில் ஒன்றே. ஏனைய மூன்றும் எங்கே?

தொழிலாளி ஒருவனைக் கருதுவோம். கை தாமதிப்பதை அவன் மறைப்பான். வெளிப்படின் பால்வெட்டு வேலை பறிபோகும் என்று அஞ்சுவான். காண்போர் அதனைச் சோம்பல் என்பர், முதுமை என்பர். நோயாளி என்று அவன் அறியப்படவே ஆண்டுகள் செல்லும். மருத்துவமனைக்குச் செல்லும் நாளிற் கூலியில்லை. அளவைத் திருத்தப் பன்முறை செல்லவேண்டும். உடனிருந்து உதவ வேண்டிய மனைவியும் நாட்கூலிக்குச் செல்பவளே. இந்நிலையில் "மூலிகையேனும்" என்று சொல்லுங்கால், அந்த "ஏனும்" என்னும் சொல் ஏனைய மூன்றையும் கைவிடுவதற்கு இசைவு தந்துவிடுகின்றது. "விலக்குக" என்று மட்டும் சொல்லி வேறொன்றும் செய்யாதவரும் அவனைக் கைவிடுபவரே. 2022இல் நம் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, வெறும் அறிவுரை எவர் நோயையும் தீர்க்கவில்லை.

ஆதலின் மூலிகையை ஏற்பதா, மறுப்பதா என்பது அறத்தின் முதல் வினாவன்று. ஏற்பின், அளந்து ஏற்கவேண்டும்; செல்வர்க்கு உரிய அதே ஆய்வும் அதே கண்காணிப்பும் ஏழைக்கும் வேண்டும். சிக்கனம் கருதித் தரத்தைக் குறைத்தல் ஈகையாகாது. அவனை நோயாளியென்று உரிய காலத்தில் இனங்காணலும், இயன்ற வேறு வேலை தந்து கூலியைக் காத்தலும் மருத்துவத்தின் புறத்தே நிற்பவையல்ல, அதன் உறுப்புகளே.

இறப்பர் மரங்களின் அடியில் மண் கரையாதிருக்கப் படரவிடும் கொடிகளுள் ஒன்று பூனைக்காலியின் நெருங்கிய இனம். இனமென்பதால் அதனையே மருந்தெனக் கொள்ளல் ஆகாது. ஆனால் அக்கொடியைக் காணுந்தோறும் ஓர் எண்ணம் எழுகின்றது. மண்ணுக்கு ஒரு போர்வை வேண்டுமென்று உணர்ந்த அறிவு, அம்மண்ணில் உழைத்துத் தளர்ந்த கைக்கும் ஒரு போர்வை வேண்டுமென்று உணராதோ?