பிடியில் இருக்கிறது வில்லங்கம்

பழைய கத்தி, பாக்குவெட்டி, சவரக்கத்தி சேர்க்கிற சிறு வட்டம் எங்களுடையது. என் எழுபதாம் பிறந்தநாளுக்கு எனக்கென்றே ஒரு மடக்குக் கத்தி செய்வித்துக் கொடுத்தார்கள். எல்லோரும் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. கொல்கத்தா படா பஜாரில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஜைன நண்பர், தம் பங்குப் பணத்தைப் பெட்டிக்கும் அதற்குள் விரித்த பட்டுத்துணிக்கும் மட்டும் கணக்கு வைக்கச் சொல்லிவிட்டார். "கத்திக்கு என் காசு போகக் கூடாது, பாய்சாப். தப்பாக நினைக்காதீர்கள்" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் லேக் மார்க்கெட் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஜைன இல்லறத்தாருக்கு அநர்த்ததண்ட விரதம் என்று ஒன்று உண்டு. காரணமில்லாமல் விளைவிக்கிற தீங்கிலிருந்து விலகுவது அது. அதில் ஒரு வகை ஹிம்சாதானம். கொல்லவும் வருத்தவும் கூடிய பொருளைப் பிறருக்குக் கொடுப்பது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் கோடரி, வாள், நெருப்பு, சங்கிலி என்று பட்டியல் போடும்போது மண்வெட்டியையும் சேர்த்துக்கொள்கிறது. அந்த நூலின் வழியில்தான் தமிழில் அருங்கலச்செப்பு எழுந்தது. மண்வெட்டிக்கே இந்தக் கதி என்றால் மூன்று அங்குல அலகுக்கு விலக்குக் கேட்பது எப்படி? கொடுத்தவன் கை, கொடுத்த பொருளோடு கூடவே போகிறது என்பது அவர்கள் கொள்கை.

வட்டத்திலிருக்கும் வங்காளி டாக்டருக்கு வேறு கவலை. கத்தி கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்ற ஆங்கிலேயர் நம்பிக்கை அவர் குடும்பத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரிகாரமும் அவர்களுடையதுதான்: வாங்குகிறவர் ஒரு நாணயம் கொடுத்துவிட்டால் பரிசு விற்பனையாகிவிடும். ஒரு ரூபாய் கேட்டார், கொடுத்தேன். ஜைன நண்பர் சிரித்தார். காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. விற்பனை என்றால் நிலைமை இன்னும் மோசம். ஜைன இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களில் ஒன்றான விஷ வாணிஜ்யத்தில் ஆயுத வியாபாரமும் அடக்கம். புத்தரும் உபாசகர்களுக்கு ஆகாதென்று சொன்ன ஐந்து வியாபாரங்களில் முதலில் நிற்பது ஆயுதம்தான். அந்த ஒரு ரூபாய் டாக்டரின் மனத்துக்கு மருந்து, அவ்வளவே.

எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. "கீழே வை, நான் எடுத்துக்கிறேன்" என்பாள் அம்மா. வைத்தவருக்கும் எடுத்தவருக்கும் நடுவே தரை சாட்சி. இங்கே வங்காளிகளோ கல்யாண மாப்பிள்ளையின் கையிலேயே பாக்குவெட்டியைக் கொடுத்து அழைத்து வருகிறார்கள். மணப்பெண் கையில் மைச்சிமிழ். இரும்பு காக்கும் என்று நம்புகிறவர்களும் இரும்பு அறுக்கும் என்று நம்புகிறவர்களும் ஒரே ஊரில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிறார்கள். இதில் யார் சரி என்று பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. காலேஜ் சதுக்கத்து ஓரத்தில் மகாபோதி சபையின் தர்மராஜிக விகாரை இருக்கிறது. 1920இல் திறந்தது, இலங்கையைச் சேர்ந்த அநகாரிக தர்மபாலரின் முயற்சி. அவர் நாட்டில் பௌத்த பிக்குவுக்கு அளிக்கும் தானங்களில் பெரிதாகப் போற்றப்படும் ஒன்று எண்பொருள்: மூன்று சீவர ஆடை, பிச்சைப் பாத்திரம், இடைக்கச்சை, ஊசி, நீர்வடிகட்டி, கூடவே ஒரு சவரக்கத்தி. உலகைத் துறந்தவருக்கே கூர் அலகைக் கொடுத்துப் புண்ணியம் தேடுகிறார்கள்!

பிக்குகளுக்கான விதிநூலாகிய விநய பிடகத்தின் சுல்லவக்கத்தில் இதற்கு நெருங்கிய செய்தி வருகிறது. துணியைக் கையால் கிழித்தால் சீவரம் கோணலாகிறது என்று புத்தர் சிறு கத்தியை அனுமதிக்கிறார். பிடியும் அனுமதிக்கிறார். உடனே சில பிக்குகள் பொன்னாலும் வெள்ளியாலும் பிடி போட்டுக்கொள்கிறார்கள். ஊரார், இல்லற இன்பம் அனுபவிப்பவர்களைப் போல இருக்கிறார்களே என்று முணுமுணுக்கிறார்கள். பொன்னும் வெள்ளியும் கூடாதென்று விதி பிறக்கிறது. எலும்பு, கொம்பு, மூங்கில், மரம், அரக்கு, சங்கு போன்றவை ஆகலாம். கவனியுங்கள், அலகைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. வழக்கு முழுவதும் பிடியின் மேல்.

என் கத்தி பர்தமானை ஒட்டிய காஞ்சன்நகரில் செய்தது. கத்தி, கத்தரிக்கோலுக்குப் பிரிட்டிஷார் காலத்திலேயே பெயர் வாங்கிய ஊர் அது. அலகு கார்பன் எஃகு. பூட்டு கிடையாது, முதுகிலுள்ள வில்தகடுதான் தாங்கிப் பிடிக்கும். மடக்கும்போது 'டக்'கென்று நல்ல சத்தம். பிடி எருமைக் கொம்பு. அதற்கு விநயத்தில் தடையில்லை. ஆனால் இரு முனையிலும் வெள்ளிப் பூண். ஒரு பூணில் 'ர' என்று என் முதலெழுத்து. தமிழ் தெரியாத கொல்லர் தாளைப் பார்த்துச் செதுக்கியதில் அது கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வுதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கேதான் வில்லங்கம். அலகு எல்லோருக்கும் ஒரே மாதிரி அறுக்கும். யார் வீட்டு எலுமிச்சை என்று அதற்குத் தெரியாது. பிடியோ என்னுடையது, எனக்கென்றே ஆனது. பெயர் பொறித்த பிறகு அதை இன்னொருவருக்குக் கொடுக்க மனம் வராது. வாங்குகிறவருக்கும் அது எச்சில் போல இருக்கும். ஜைனருக்குப் பரிக்கிரகம், நமக்குப் பற்று. எந்தப் பெயரில் சொன்னாலும் அது உட்கார்ந்திருப்பது கூரில் அல்ல, கைபடும் இடத்தில். அலமாரியில் எண்ணெய் தடவிப் பூட்டி வைத்திருக்கும் என் மற்ற கத்திகள் என்னிடம் வந்தபின் எதையும் கொன்றதில்லை, எதையும் நறுக்கியதும் இல்லை. ஹிம்சையற்ற அந்தக் கத்திகளைக் காட்டி என்னை நல்லவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. காரணமில்லாமல் ஒரு கூரிய பொருளை வைத்திருப்பதுதான் அங்கே நடக்கிறது. நண்பரின் விரதம் பேசுவதும் காரணமில்லாமையைத்தானே. இதை அவரிடம் சொன்னேன். தம் வீட்டுப் பித்தளைப் பாக்குவெட்டி வரிசையை நினைத்தாரோ என்னவோ, பதில் சொல்லவில்லை.

அதனால் இந்தக் கத்தியை மட்டும் வேலைக்கு விட்டிருக்கிறேன். பழம், தபால் உறை, பூக்கட்டு நார். எலுமிச்சைச் சாறு பட்டு அலகு கறுத்துவிட்டது. டாக்டருக்கு மனம் கேட்கவில்லை, "பாலிஷ் போட்டுத் தருகிறேன்" என்கிறார். வேண்டாமென்றேன். கத்தி பரிசளிக்க நினைப்பவர்கள் தயங்காமல் கொடுங்கள். பெயர் மட்டும் பொறிக்காதீர்கள்.