முட்டுக் கொடுத்த பிறகு



இன்று தவக்காலம் ஐந்தாம் ஞாயிறு. விபச்சாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றிய நற்செய்தியை வாசிக்கும்போதெல்லாம், இங்கிலாந்தில் ஒரு வீட்டின் கார் கொட்டகை என் கண்முன் வந்து நிற்கும். அங்கே ஒரு பங்கில் இரண்டு ஆண்டுகள் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர், பங்கு மக்களில் மூத்தவர், பழைய டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்கிச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1962-லிருந்து 1980 வரை தயாரானது.

சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை உங்களில் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். குறுக்கியபோது பக்கவாட்டுச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள். அதனால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டி, 'சில்' என்பார்கள், அதுதான் வண்டியின் உடலைத் தாங்குகிறது. தண்ணீர் தேங்கித் துருப்பிடிப்பதும் அங்கேதான்.

வெளியே சிவப்பு பெயின்ட் பளபளத்தது. பெரியவர் ஒரு ஸ்குரூ டிரைவரை என் கையில் கொடுத்து, சில்லில் அழுத்தச் சொன்னார். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. யாரோ துருவின்மேல் பட்டி வைத்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள்.

அறுத்து எறிய வேண்டியதுதானே என்றேன். அவர் தலையை ஆட்டினார். முதலில் கதவு வாசலின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியை வைத்து வெல்டிங் செய்ய வேண்டுமாம். தாங்கல் இல்லாமல் சில்லை அறுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே புதுத் தகரத்தைப் பற்றவைத்தால் அந்தக் கோணல் நிலைத்துவிடும். கதவு சரியாகச் சாத்தாது. அன்று மாலை முழுக்க அளந்தார், கம்பியைப் பொருத்தினார். துருவைத் தொடவே இல்லை.

எங்கள் ஓட்டு வீட்டில் உத்தரம் செல்லரித்துப் போனபோது வந்த ஆசாரியும் இதைத்தான் செய்தார். முதல் நாள் பொழுது சாயும்வரை சவுக்குக் கழிகளை நட்டு முட்டுக் கொடுத்ததோடு சரி. உத்தரத்தில் உளி படவில்லையே, இதற்கு ஒரு நாள் கூலியா என்று அம்மா கேட்டார். ஓடு தலைமேல் விழாமல் இருக்கத்தான் அந்தக் கூலி என்றார் ஆசாரி.

இப்போது ஆண்டவரைப் பாருங்கள். அந்தப் பெண்ணின் பாவத்தின்மேல் அவர் பட்டி வைக்கவில்லை. பாவத்தைப் பாவம் என்றே சொன்னார். ஆனால் எப்போது சொன்னார்? முதலில் குனிந்து தரையில் எழுதினார். கல்லெறிய நின்றவர்கள், பெரியவர்கள் தொடங்கி, ஒவ்வொருவராகப் போகும்வரை காத்திருந்தார். நானும் உன்னைத் தீர்ப்பிடவில்லை என்ற உறுதியை அவளுக்குக் கொடுத்தார். இனிப் பாவம் செய்யாதே என்றது அதற்குப் பிறகுதான். அந்த வரிசை மாறியிருந்தால் அவள் அங்கேயே நொறுங்கிப்போயிருப்பாள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. குருவான புதிதில், குடித்துவிட்டு வந்த ஓர் இளைஞனைக் கோயில் வாசலில், அவன் தாயின் முன்னால், ஊர் பார்க்கத் திட்டினேன். சொன்ன சொல்லில் பொய் இல்லை. அவனைத் தாங்க மட்டும் அங்கே யாரும் இல்லை, நானும் இல்லை. அதன்பின் அவன் கோயில் பக்கமே வரவில்லை. உங்கள் வீட்டிலும் பிள்ளையிடம், மருமகளிடம், தம்பியிடம் இப்படி அறுத்த நாள் இருக்கலாம். அந்தக் கதவு இன்றுவரை சாத்தாமல் இருக்கலாம்.

இந்தத் தவக்காலத்தில் அவன் வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் அவன் பேசவில்லை; பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க ஃபாதர்" என்றான். அவன் அம்மா காபி கொண்டுவந்தார்கள். மூன்று வெள்ளிக்கிழமைகளாகப் போய்வருகிறேன். குடியைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.