அதாலத்தில் கிடைத்த ஐந்து மார்க்

கோட்டயம் மகாத்மா காந்திப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட் 2019-இல் ஒரு முடிவெடுத்தது. பி.டெக். படிப்பில் ஒரே ஒரு தாளில் தோற்றவர்களுக்கு ஐந்து மார்க் வரை கொடுத்துத் தேற்றிவிடலாம் என்றார்கள். ரிசல்ட் வந்த பிறகு! குறைதீர்ப்பு முகாமான அதாலத்தில் ஒரு மார்க் கேட்டு வந்த மனுவில் தொடங்கிய விவகாரம், அமைச்சர் அலுவலகம் தலையிட்டது என்ற குற்றச்சாட்டு வரை போனது. கடைசியில் சிண்டிகேட்டே முடிவைத் திரும்பப் பெற்றது. கொச்சியில் சுள்ளிக்கல்லை அடுத்த கொச்சங்காடியில் இருக்கும் கொச்சின் காலேஜும் இதே பல்கலைக்கழகத்தோடு இணைந்ததுதான். அந்த வட்டாரத்து வீடுகளுக்கு இது எங்கோ நடந்த கதையல்ல.

ஒரு மார்க்கில் பட்டம் நழுவியவனுக்கு இரங்குவது அறமா? ரிசல்ட்டுக்குப் பின் என்றால், அறமல்ல.

மாடரேஷனே, அதாவது மார்க்கைக் கூட்டிச் சரிசெய்வதே, தவறு என்பதல்ல வாதம். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி வந்தால், ரிசல்ட்டுக்கு முன்பே குழு கூடி, அந்தத் தாளை எழுதிய எல்லோருக்கும் ஒரே அளவில் மார்க் சேர்ப்பது நியாயம். விடைத்தாளில் பதிவெண் உள்ள பகுதியைப் பிரித்துவிட்டு டம்மி நம்பர் போடுவது எதற்கு? எழுதியவர் யாரென்று திருத்துகிறவருக்குத் தெரியக்கூடாது என்பதற்குத்தானே. அதாலத்திலோ எழுதியவன் பெயரும் ஊருமாக எதிரே வந்து நிற்கிறான். மட்டாஞ்சேரி மிளகுக் கடையில் எடை போட்டு முடித்தபின், வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துப் படிக்கல்லை மாற்றினால் ஊர் சும்மா இருக்குமா?

வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரமே வைத்தார். சான்றோருக்கு அவர் காட்டிய உவமையும் தராசுதான். கண்ணோட்டத்துக்கும் அதிகாரம் உண்டே என்பார்கள். உண்டு, அங்கேயும் செய்யும் கடமை கெடாமல் இரங்குவோரைத்தான் அவர் மெச்சுகிறார். ஆராயாமல் தீர்ப்புச் சொன்னதை உணர்ந்ததும் சிலப்பதிகாரப் பாண்டியன் உயிரையே விட்டான். கன்றுக்காகத் தேரேற்றிய சோழன் மகனென்றும் பார்க்கவில்லை. உத்தரமேரூர்ச் சபையார், குடவோலைக்கு யார் தகுதி, யார் தகுதியில்லை என்பதைப் பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டிவைத்தார்கள். விதி முதலில், ஓலை பிறகு.

நோக்கம் நல்லதாயிருந்தால் போதாதா? போதாது. 2025-இல் கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வில், மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்குப் பாதகம் வரக்கூடாது என்றுதான் மதிப்பெண் கணக்கிடும் முறையை மாற்றினார்கள். பட்டியல் வெளிவரும் தறுவாயில் மாற்றியதால், ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலையே ரத்து செய்தது. புதுப் பட்டியலில் பின்னுக்குப் போன பிள்ளைகள் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

வேலைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாளில் மாட்டிக்கொண்டவனின் வேதனை பொய்யல்ல. சப்ளிமெண்டரி தேர்வைச் சீக்கிரம் வைக்கட்டும், மறுமதிப்பீட்டை இழுத்தடிக்காமல் முடிக்கட்டும். ஆனால் அதே தாளில் தோற்று, எந்த அதாலத்துக்கும் போகாமல், மறுபடி படித்து எழுதித் தேறியவர்களும் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன பதில்?

சிண்டிகேட் உறுப்பினர்களே, மாடரேஷன் எத்தனை மார்க், எந்தக் காரணத்துக்கு என்பதைத் தேர்வு அறிவிப்பிலேயே அச்சிடுங்கள். ரிசல்ட் வந்தபின் மார்க்கைக் கூட்டும் அதிகாரம் உங்களுக்கும் வேண்டாம், அமைச்சருக்கும் வேண்டாம்.