அளவுநாடா செதுக்கிய படகுகள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பந்தயப் பாய்மரப் படகு கட்டியவர்கள் காற்றையும் அலையையும் படித்த அளவுக்கு விதிப்புத்தகத்தையும் படித்தார்கள். அந்தக் காலப் படகுகளின் வினோத வடிவங்களுக்குக் காரணம் கடல் அல்ல, கணக்கு என்பேன்.

நீளமான படகு இயல்பாகவே வேகமாக ஓடும். சிறியதும் பெரியதும் ஒரே பந்தயத்தில் ஓடினால், பெரியது சிறியதற்கு நேரச் சலுகை தந்தாக வேண்டும். எவ்வளவு சலுகை என்று முடிவு செய்ய, படகின் அளவை ஓர் எண்ணாகச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் அதற்கு இருந்தது தேம்ஸ் முறை. நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்து, வந்ததை அகலத்தால் பெருக்கி, மறுபடி பாதி அகலத்தால் பெருக்கி, 94ஆல் வகுப்பார்கள். இதில் அகலம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. ஆழம் வரவே இல்லை, பாயின் பரப்பும் இல்லை.

பிறகென்ன, அகலம் குறைந்துகொண்டே போனது, ஆழம் கூடியது. கவிழாமலிருக்க அடியில் ஈயத்தைக் கட்டினார்கள். பலகையைக் குத்தாக நிறுத்தியது போன்ற படகுகள் வந்தன. 1886இல் கட்டிய 'ஊனா' நீர்மட்டத்தில் 34 அடி நீளம். அகலமோ ஐந்தரை அடிதான். அதே ஆண்டு அயர்லாந்துக் கரையோரம் அது உடைந்தபோது, அதை வடிவமைத்த வில்லியம் எவன்ஸ் பேட்டனும் அதிலேயே இறந்தார்.

அமெரிக்கர்கள் இதற்கு நேர் எதிர். அகலமான, ஆழமில்லாத உடல். நடுவே இறக்கி ஏற்றும் பலகை. வேகத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஓரளவுக்கு மேல் சாய்ந்தால் நிமிராது. 1876 ஜூலையில் நியூயார்க் ஸ்டேட்டன் தீவருகே, நங்கூரம் எடுக்குமுன்பே பாய்களை விரித்திருந்த 'மோஹாக்' திடீர்ச் சூறைக்காற்றில் கவிழ்ந்தது. உள்ளே சிக்கிய மனைவியைக் காப்பாற்றப் போன உரிமையாளர் வில்லியம் கார்னரும் மூழ்கினார்.

இரு வழிகளும் 1885இல் 'அமெரிக்கா கோப்பை' பாய்மரப் படகுப் பந்தயத்தில் மோதின. பிரிட்டனின் 'ஜெனஸ்டா', பாஸ்டனின் 'ப்யூரிட்டன்' இரண்டும் நீர்மட்டத்தில் சுமார் 81 அடி. முன்னதன் அகலம் 15 அடி, பின்னதன் அகலம் 22 அடிக்கும் மேல். ஒருநாள் புறப்படும் முன் விதியை மீறிக் குறுக்கே வந்த ப்யூரிட்டன், ஜெனஸ்டாவின் முன்கழியை முறித்துவிட்டது. தனியாக ஓடி வெற்றியை எடுத்துக்கொள்ளலாம் என்று நடுவர்கள் சொல்லியும் ஜெனஸ்டாவின் உரிமையாளர் ரிச்சர்ட் சட்டன் மறுத்தார். பந்தய வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல் அது. கோப்பை ப்யூரிட்டனுக்கே போனது. அமெரிக்க அகலத்தோடு ஆங்கிலேயரின் ஈய அடிக்கட்டையையும் சேர்த்து எட்வர்ட் பர்ஜஸ் அதை வரைந்திருந்தார்.

அடுத்த ஆண்டே பிரிட்டன் விதியை மாற்றியது. நீர்மட்ட நீளத்தைப் பாய்ப் பரப்பால் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் போதும். அகலத்துக்குத் தண்டனை ஒழிந்தது. அமெரிக்காவிலும் பாய்ப் பரப்போடு நீர்மட்ட நீளம்தான் அளவுகோல். அதிலும் ஓட்டை இருந்தது. படகு நிமிர்ந்து நிற்கும்போதுதானே நாடா பிடிக்கிறார்கள்? 1891இல் நத்தானியல் ஹெரஷாஃப் கட்டிய 'குளோரியானா' நீர்மட்டத்தில் 45 அடி, மொத்தத்தில் 70 அடி. நீருக்கு மேலே நீண்டிருந்த முன்பகுதியும் பின்பகுதியும் படகு சாய்ந்தால் நீரைத் தொடும். ஓடும் நீளம் கூடும். அந்தப் பருவத்தில் ஓடிய எட்டுப் பந்தயங்களிலும் அதுவே வென்றது.

படகின் எடையையும் சூத்திரத்தில் சேர்த்து அந்த ஓட்டையை அடைக்கும் புதிய விதியை 1902 வாக்கில் எழுதித் தந்தவரும் அதே ஹெரஷாஃப்தான்.