தலையெழுத்தும் கையெழுத்தும்

‘ஃபேக்ட்ஸ் ஆஃப் லைஃப்’ என்ற ஆங்கில மரபுத்தொடருக்கு இரண்டு பொருள். ஒன்று, குழந்தை எப்படிப் பிறக்கிறது என்று வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் கூச்சத்தோடு சொல்லிக்கொடுப்பது. இன்னொன்று, பிடிக்காவிட்டாலும் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டிய நிஜங்கள். நாம் இரண்டாவதைத்தான் ‘அதாம்ப்பா வாழ்க்கை’ என்கிறோம். கொஞ்சம் பழைய ஆட்கள் என்றால் ‘தலையெழுத்து’.

மென்பொருள் துறையில் இதற்கு இணையான ஒரு முத்திரை உண்டு. ஒரு பிழையைப் பதிவு செய்தால், சில சமயம் ‘வோண்ட் ஃபிக்ஸ்’ என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். பிழையே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. சரிசெய்யப் போவதில்லை என்று யாரோ எடுத்த முடிவு, அவ்வளவுதான். ரெண்டு வருஷம் கழித்து வேலைக்குச் சேர்கிறவர் அந்த மென்பொருளின் இயல்பே அதுதான் என்று நம்பிவிடுவார்.

எது இயல்பு, எது முடிவு?

2004 டிசம்பர் 26 அன்று மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கித் திரும்பி வந்தது. கடலடியில் நிலத்தட்டு நகர்வதை எந்த அரசாணையாலும் தடுக்க முடியாது. அது நிஜமான நிஜம். அதற்கே நாம் சும்மா இருந்துவிடவில்லை. 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது.

அதே மாவட்டத்தில் கடலைவிட்டு உள்ளே வாருங்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர், தலித் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதாரர் நினைத்தால் குடிசையைவிட்டே அவர்களைத் துரத்திவிடலாம் என்ற நிலை. ஊர் அதைத் தலையெழுத்து என்றது. அவர் அதில் வருவாய்த் துறையின் கையெழுத்தையும் பார்த்தார். நிலம் அவர்கள் பெயருக்கு வராதபடி விதிகளே பார்த்துக்கொண்டன. 1892இல் அரசாணை வந்தது, பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலத்தைப் பிற சாதியினருக்கு விற்க முடியாது என்பது நிபந்தனை.

நிபந்தனை இருந்தும் நிலம் கைமாறியது. மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். ‘நிலம் போனா போனதுதான், யதார்த்தத்தப் பாருங்க’ என்பதை அவர்கள் ஏற்கவில்லை.

அப்படியென்றால் இந்தத் தொடரே பொய்யா? இல்லை. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் ‘அதுதான் வாழ்க்கை’ என்று சொன்னால், அவர் அதற்கான விலையைக் கொடுத்துவிட்டுச் சொல்கிறார். அங்கே நாம் வாய் திறக்க முடியாது. நிலத்தை வைத்திருப்பவர் நிலமிழந்தவரிடம் அதே வாக்கியத்தைச் சொல்லும்போது, பட்டாவை எடுத்துக் காட்டச் சொல்லலாம்.